தம்பிக்கு ஈரல், எனக்கு அடை

கொஞ்ச நாள் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை வெயிங் மெஷின்மேல் ஏறி நின்றேன். எண் மாறவில்லை. இறங்கி, வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். மாறவில்லை. மூக்குக் கண்ணாடியையும் கழற்றினேன். அப்புறம் எண்ணே தெரியவில்லை... குனிந்து பார்த்துச் சொல்ல என் கணவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

அவருக்கு ஆபீஸ் பஸ் செம்பூர் நாகா முனைக்கு வந்துவிடும் என்ற அவசரம். ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு வந்தார். குனிந்தார். "அதேதான்" என்றார்.

"மூச்சைப் பிடிச்சுண்டு நிக்கறேன். இப்போ பாருங்கோ."

"மூச்சை விட்டாலும் அதேதான்" என்று சொல்லிவிட்டு இன்னொரு சாக்ஸைத் தேடப் போய்விட்டார். விஞ்ஞானியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டால் இப்படித்தான், ஆறுதலுக்காகக்கூட அரைக் கிலோ குறைத்துச் சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் உடம்பு நன்றாகவே பழக்கம். பிளவுஸைப் பிரித்துத் தைத்த கதை, ஜிம்மில் சேர்ந்த அன்றே அதன் வாசலில் வடா பாவ் தின்ற கதை — எல்லாவற்றையும் எழுதி உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை விஷயம் பிளவுஸ் இல்லை. என் தம்பி.

ரவி முலுண்டில் இருக்கிறான். என்னைவிட நாலு வயது சின்னவன். ஒரு சொட்டு மது தொட்டதில்லை. எப்போதோ உடம்புக்குள் வந்து உட்கார்ந்த ஒரு வைரஸ், சத்தமே இல்லாமல் அவன் ஈரலைத் தின்றுகொண்டு இருந்திருக்கிறது. கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்துக்கொண்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இனி மருந்தால் ஆகாது, யாராவது தன் ஈரலில் ஒரு துண்டு கொடுத்தால்தான் உண்டு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் மனைவிக்கு ரத்த க்ரூப் சேரவில்லை. பையன் பத்தாவது படிக்கிறான். மிச்சம் யார்? நான்தான்.

எனக்கு க்ரூப் சேர்ந்தது. வயதும் அவர்கள் வைத்திருக்கும் எல்லைக்குள்தான். வெட்டிக் கொடுத்த ஈரல் மறுபடி வளர்ந்துவிடும் என்று வேறு சொன்னார்கள். கீரைப் பாத்தி சமாசாரம் மாதிரி இருக்கிறதே என்று தைரியமாகக் கையெழுத்துப் போட்டேன். அப்புறம்தான் ஸ்கேன் எடுத்தார்கள். என் ஈரலில் கொழுப்பு.

அப்படியே எடுத்து வைத்தால் அது தம்பிக்கும் சரியாக வேலை செய்யாது, மிச்சம் இருப்பது எனக்கும் போதாது. இரண்டு பேருக்கும் ஆபத்து என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். எடையைக் குறைத்துக்கொண்டு ஆறு வாரத்தில் வாருங்கள், மறுபடி ஸ்கேன் எடுப்போம் என்றார். அதற்கு மேல் காத்திருக்க ரவியின் உடம்பு இடம் கொடுக்குமா? நான் கேட்டேன். டாக்டர் தேதியைச் சீட்டில் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

"எனக்கு அப்பவே தெரியும், உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு" என்றான் ரவி, லிஃப்டில். அவன் மனைவி அவனை முறைத்தாள். நான் சிரித்துவைத்தேன். உள்ளே பயம்தான். கவலை வந்தால் எல்லாருக்கும் சாப்பாடு இறங்காதாம். எனக்கு மட்டும் கவலை வந்தால் பசிக்கும்.

மருத்துவமனை டயட்டீஷியன் ப்ராஜக்தா என்று ஒரு மராத்திப் பெண். ரொம்பச் சின்னவள், ஆனால் நிதானம். நான் என்னென்ன சாப்பிடுகிறேன் என்று ஒரு மணி நேரம் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா மெஸ், ஆபீஸில் பர்த்டே கேக், உறவில் மாதம் ஒரு கல்யாணம் அல்லது சீமந்தம்... எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆன்ட்டி, தின் கா நஹி, ஹஃப்தே கா ஹிசாப் ரகோ" என்றாள். தினப்படி கணக்கை விடு, வாரத்துக்குக் கணக்கு வை என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். வாரத்துக்கு இவ்வளவு கலோரி என்று ஒரு மொத்தம். ஒரு நாள் கல்யாணத்தில் கூடப் போய்விட்டதா? அழ வேண்டாம். மறுநாள் பட்டினி கிடக்கவும் வேண்டாம். மற்ற நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டால் வாரக் கடைசியில் சரியாகிவிடும். தினம் தினம் தோற்றுப்போகிறோமே என்று மனசு விட்டுப்போகாமல் இருக்க இதுதான் வழி என்றாள். போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். சாப்பிட்டதை அதில் போட்டால் வாரத்தில் மிச்சம் எவ்வளவு என்று காட்டும். பச்சை என்றால் நல்லது, சிவப்பு என்றால் ஆபத்து. ஒரு ஓரத்தில் "உபவாஸ்" என்று ஒரு பட்டனும் இருந்தது. இந்த ஊரில் பாதிப் பேர் ஏதாவது ஒரு கிழமையில் விரதம் இருப்பார்கள், அதற்காக வைத்தது.

எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பயத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைவிட, கணக்குப் போட்டுக்கொண்டு பயப்படுவது எவ்வளவோ மேல் அல்லவா?

செம்பூரில் ஏறி வி.டி.யில் இறங்குகிற வரை லேடீஸ் கம்பார்ட்மென்டில் டப்பா திறக்காத நாள் உண்டா? ஒருத்தி டோக்ளா நீட்டுவாள், ஒருத்தி சக்லி. நான் ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டு, உடனே வியாழக்கிழமை தோசையிலிருந்து பாதியைக் கழிப்பேன். பக்கத்தில் உட்காரும் சுனந்தாவுக்கு வியாழன்தோறும் உபவாஸ். அன்றைக்கு அவள் டப்பாவில் ஜவ்வரிசிக் கிச்சடி இருக்கும், வேர்க்கடலையும் உருளைக்கிழங்கும் நெய்யில் மிதக்கும். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். அவள் முகத்துக்கு நேரே சொன்னேன், இதெல்லாம் ஒரு விரதமா, எங்கள் வீட்டு விரதத்தை வந்து பார் என்று. அந்த மகராசி கிச்சடியில் எனக்கும் ஒரு ஸ்பூன் வைத்தாள்.

முதல் இரண்டு வாரம் நன்றாகவே இறங்கியது. பாவாடை நாடாவை இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. அப்புறம் நின்றுவிட்டது. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. வளையல், கண்ணாடி எல்லாம் கழற்றினேன் என்று சொன்னேனே, அது இந்தக் கட்டத்தில்தான். ஆப் மட்டும் பச்சையாகவே இருந்தது. மெஷின்தான் நகர மாட்டேன் என்றது.

மெஷினைச் சந்தேகப்பட்டு அதன் பேட்டரியை மாற்றினேன். தைராய்டு டெஸ்ட் எடுத்தேன், ஒன்றும் இல்லை. மெனோபாஸ் என்று ஆபீஸில் ஒருத்தி சொன்னாள், இரண்டு நாள் அதை நம்பினேன். மத்தியானச் சாப்பாட்டில் இன்னும் பாதியைக் குறைத்தேன். குர்லா ஸ்டேஷன் பாலத்தில் ஒரு சாயங்காலம் கண் இருட்டிக்கொண்டு வந்து, கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். கூட்டம் என்னை இடித்துக்கொண்டு போயிற்று. நான் விழுந்தால் ஒரு ஆள் இல்லை, இரண்டு ஆள் விழுவோம் என்று அப்போது தோன்றியது. அழுதுவிட்டேன், அந்தக் கூட்டத்திலேயே.

சனிக்கிழமைகளில் முலுண்டு போவேன். ரவி பகலிலும் தூங்கிக்கொண்டிருப்பான். விழித்திருந்தால் உடம்பு அரிக்கிறது என்று சொறிந்துகொண்டே இருப்பான். கழுத்து எலும்பு தெரிந்தது. அவன் மனைவி காபி கொடுப்பாள், கொடுக்கும்போது அவள் கண் என் இடுப்புக்குப் போய்விட்டு வரும். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? அவள் இடத்தில் நான் இருந்தால் டேப் எடுத்து அளந்தே பார்த்திருப்பேன். ரவி மட்டும் எடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டான். அவன் கேட்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஏகாதசி வந்தது. ஸ்கேனுக்கு இன்னும் இரண்டே வாரம்.

அன்று சாயங்காலம் மருத்துவமனையில் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, ரவியும் அவன் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவள் மருந்து வாங்கக் கீழே போனாள். ரவி டைனிங் டேபிளில் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் அடை வார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டு ஏகாதசியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அன்று சாதம் கிடையாது. பலகாரம் மட்டும்தான். அரிசியை உலையில் போட்டு வேகவைத்தால் அது சாதம், விரதம் முறிந்துபோகும். அதே அரிசியை நனைத்து, பருப்போடு அரைத்து, எண்ணெய் விட்டு வார்த்தால் அது பலகாரம், விரதம் பத்திரமாக இருக்கும். யார் எழுதி வைத்தது என்று கேட்காதீர்கள். பாலக்காட்டிலிருந்து ரயிலேறி மாட்டுங்காவுக்கு வந்தபோதே எங்கள் குடும்பங்கள் இந்தச் சட்டத்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டன. அடைக்கு வெல்லமும் வெண்ணெயும் தொட்டுக்கொள்வோம். வயிறு காலியாக இருக்கக் கூடாதே.

நான் இரண்டாவது அடையைத் தட்டில் போட்டுக்கொண்டு, வெண்ணெய் வைத்து, தம்பியின் எதிரே உட்கார்ந்தேன். இடது கையால் போனை எடுத்து அன்றைய கணக்கைப் போட்டேன்.

ரவி எட்டிப் பார்த்தான். "என்னக்கா போட்டே?"

"உபவாஸ்னு. இன்னிக்கு ஏகாதசி இல்லையா."

அவன் போனைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். "அப்போ இது?"

"இது பலகாரம்டா."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல மாதத்துக்கு அப்புறம் என் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துச் சிரித்து இருமினான். நான் தண்ணீர் கொண்டுவர எழுந்தவள், பாதியில் நின்றுவிட்டேன். எனக்குக் கணக்குப் புரிய ஆரம்பித்திருந்தது.

ஏகாதசி மட்டுமா? திங்கட்கிழமை ஒருபொழுது, அதாவது மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி ரவா உப்புமா. சனிக்கிழமை ராத்திரி சேவை, தேங்காயும் எலுமிச்சையும் என்று இரண்டு விதம். ரவிக்காக என்றே புதிதாக வேண்டிக்கொண்ட சஷ்டி, அன்றைக்கு இட்லி, மிளகாய்ப்பொடி, அதன்மேல் நல்லெண்ணெய். ஒவ்வொன்றுக்கும் "உபவாஸ்" பட்டனை அழுத்தியிருந்தேன். ஆப் பாவம், என்னை நம்பி அந்த நாட்களைக் கிட்டத்தட்ட பூஜ்யமாக வைத்தது. அதோடு விட்டதா? நான் சாப்பிடாமல் மிச்சம் பிடித்ததாக நினைத்து, அந்த மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் சேர்த்தது. நானும் மாட்டுங்கா கோயிலில் ரவி பேரில் அர்ச்சனை செய்துவிட்டு, மெஸ்ஸில் இலை போட்டு, பச்சைதானே காட்டுகிறது என்று பாயசம் வரை போயிருக்கிறேன்.

ஒரு எழுத்துப் பொய் சொல்லவில்லை, சத்தியம். எனக்கு அடை சாப்பாடு என்றே தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து விரதம் என்றால் அதுதான். சுனந்தாவின் கிச்சடியில் நெய் மிதந்தது என் கண்ணுக்குத் தெரிந்தது, என் அடைமேல் உருகின வெண்ணெய் தெரியவில்லை.

ரவி சிரிப்பை நிறுத்திவிட்டான். "அக்கா, நான் போய்ச் சேர்ந்தா எதனாலன்னு கேக்கறவாகிட்ட என்ன சொல்லுவே? அடையாலேன்னா?"

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது அது வேடிக்கையாக இல்லை. அப்புறம் டேபிள் விரிப்பைத் தடவிக்கொண்டே, "எனக்குப் பயமா இருக்குக்கா" என்றான். இத்தனை நாளில் அவன் அதைச் சொன்னது அன்றைக்குத்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கும் பயமாக இருக்கிறது என்றேன். இரண்டு பேரும் அழுதோம். அடை ஆறிப்போயிற்று. அப்புறம் எழுந்து போய் அதைக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் காலை ப்ராஜக்தாவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அடை என்றால் என்ன, எத்தனை பருப்பு, எவ்வளவு எண்ணெய் என்று கேட்டுக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா, கோபத்தை அடக்குகிறாளா, தெரியவில்லை. அப்புறம் சொன்னாள், ஸ்கேன் முடிகிற வரை விரதமே கூடாது. ஏழு நாளும் ஒரே மாதிரி, வேளாவேளைக்கு அளவாகச் சாப்பிட வேண்டும், மத்தியானப் பட்டினியும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பாயசமும் வேண்டாம்.

கேட்க சுலபமாக இருக்கிறது இல்லையா? எனக்கு அன்று முழுக்க வேலையே ஓடவில்லை. சஷ்டி விரதத்தை வேண்டிக்கொண்டதே ரவிக்காக. தம்பி பிழைக்க வேண்டும் என்று எடுத்த விரதத்தை, தம்பி பிழைக்க வேண்டும் என்றே விடுவதா? விட்ட பிறகு அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஸ்கேன் சரியில்லை என்றால் அதற்கு அடை காரணமா, சஷ்டியை விட்டது காரணமா என்று நான் ஆயுசு பூராவும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க மாட்டேனா?

கணவரிடம் கேட்டேன். இட்லி சாப்பிடுவதை நிறுத்தினால் முருகனுக்குக் கோபம் வருமா என்பது தன் டிபார்ட்மென்ட் இல்லை என்று சொல்லிவிட்டார்.

நேரே முருகனிடமே போய்விட்டேன். செம்பூரில் படியேறிப் பார்க்கிற முருகன். மூச்சு வாங்க ஏறி, சன்னதியில் நின்று விண்ணப்பம் போட்டேன். இரண்டு வாரம் லீவ் கொடு, சம்பளத்தைப் பிடித்துக்கொள், ஆனால் என்னிடம் பிடி, அவனிடம் பிடிக்காதே என்று. அர்ச்சகர் சர்க்கரைப் பொங்கலை நீட்டினார். நெல்முனை அளவு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தைப் பக்கத்தில் நின்ற அம்மாளிடம் கொடுத்தேன். அந்த நெல்முனையையும் ஆப்பில் போட்டேன்.

அடுத்த சஷ்டியன்று இரண்டு ஃபுல்கா, ஒரு கிண்ணம் பருப்பு, கீரை, கொஞ்சம் தயிர் என்று மற்ற மனுஷர்கள் மாதிரி சாப்பிட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் மனசுக்குள் தம்பி பேரைச் சொல்லிக்கொண்டேன். அன்றைக்குத்தான் எனக்கு வயிறு கனமே இல்லாமல் இருந்தது. அந்த வாரமே மெஷின் நகர்ந்தது. என் கணவர் குனிந்து பார்த்துவிட்டு, சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "இறங்கியிருக்கு" என்றார். பஸ்ஸைத் தவறவிட்டார்.

ரயிலில் சுனந்தாவிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வண்டி வி.டி. ஸ்டேஷன் போய்ச் சேருவதற்குள் அந்தக் கதை கம்பார்ட்மென்ட் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஸ்கேன் ரிசல்ட் வந்த அன்று டாக்டரின் மேஜை முன்னால் நாங்கள் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ரவி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தானா, நான் அவன் கையையா, இப்போது ஞாபகம் இல்லை. டாக்டர் கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "போதும்."

பாராட்டு இல்லை, சிரிப்பு இல்லை. போதும், அவ்வளவுதான். ரவியின் மனைவி என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் கைக்குள் இடுப்பு அடங்கியது.

இதையெல்லாம் நான் எழுதிக்கொண்டிருப்பது மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து. நாளைக் காலை எனக்கு ஒரு தியேட்டர், பக்கத்தில் ரவிக்கு ஒரு தியேட்டர். முதலில் என்னைத்தான் திறப்பார்கள். பயமாக இருக்கிறது, மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு பக்கம். எனக்கு ஒன்றும் ஆகாமல் அவனுக்கு ஆகிவிடுமோ என்று இன்னொரு பக்கம். எதிர் அறையில் அவன் படுத்திருக்கிறான். கதவு திறக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறான், நானும் ஆட்டுகிறேன்.

சற்று முன் நர்ஸ் வந்தாள், திருச்சூர்ப் பெண். ராத்திரியிலிருந்து வாயில் ஒன்றும் படக் கூடாது, தண்ணீர்கூடக் கூடாது என்றாள்.

பழக்க தோஷம் விடுமா? "பலகாரம்?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் பாடில்ல சேச்சி" என்றாள். எதுவுமே கூடாதாம்.

நாளை ஏகாதசி இல்லை, சஷ்டி இல்லை, திங்கட்கிழமைகூட இல்லை. போனை எடுத்து, நாளைய தேதிக்கு "உபவாஸ்" பட்டனை அழுத்தினேன்... ஐம்பது வயது நெருங்குகிற நேரத்தில், முதல் தடவையாக நிஜமாக.